அநீதி இழைப்பதா, அநீதிக்கு ஆளாவதா, எது பெரிய கேடு? போலஸ் எந்தப் படியில் கோட்டைவிட்டான்?

கரிசல்வாசகி கேட்டது:

வணக்கம். பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் வரும் ஒரு வாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். “இரண்டுமே வேண்டாம் என்பேன். ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் அநீதி இழைப்பதைவிட அநீதிக்கு ஆளாவதையே தேர்வேன்” என்கிறார் சாக்ரடீஸ். கேட்டவுடன் மனசு ஒப்புக்கொள்கிறது. ஆனால் இதை நிரூபிக்கிறேன் என்று, பேச்சுக்கலை கற்றுக்கொடுக்கும் போலஸிடம் அவர் நடத்தும் வாதத்தைப் பார்த்தால் எங்கேயோ இடிக்கிறது. ‘எது அதிக அசிங்கம்’ என்று தொடங்குகிறார். நாலைந்து கேள்வி தாண்டியதும் ‘ஆகவே அதுதான் அதிகக் கேடு’ என்று முடித்துவிடுகிறார். போலஸும் தலையாட்டிவிடுகிறான்.

எந்தப் படியில் இடிக்கிறது என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா? இது ஒன்று.

இன்னொன்று இதைவிட முக்கியம். அடிபட்டவனிடம் போய், ‘அடித்தவன்தான் உன்னைவிடப் பரிதாபத்துக்குரியவன்’ என்று சொல்வது கொடுமை இல்லையா? காலங்காலமாக ‘பொறுத்துப் போ’ என்றே கேட்டு வளர்ந்தவர்களிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

தர்க்கக்கணக்கன் எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பக்க ஓரத்தில் இருக்கும் ஸ்டெஃபானஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த மொழிபெயர்ப்பிலும் இடம் கிடைத்துவிடும். அது 1578-இல் அச்சான பதிப்பின் பக்க எண். ஒவ்வொரு பக்கமும் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து கூறு.

வாதத்துக்கு முன்னால் போலஸ் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், அவனை மறந்துவிடக் கூடாது. மாசிடோனிய அரசன் ஆர்கெலாஸ் (470டி முதல் 471டி வரை). பெர்டிக்காஸ் மன்னனுக்கு ஓர் அடிமைப்பெண் வயிற்றில் பிறந்தவன். அந்தப் பெண்ணின் எஜமானன் மன்னனின் உடன்பிறந்தவனான அல்கெட்டாஸ். நியாயப்படி ஆர்கெலாஸும் அல்கெட்டாஸுக்கு அடிமைதான். அவன் என்ன செய்தான்? ஆட்சியை உன்னிடமே தருகிறேன் என்று சொல்லி அல்கெட்டாஸையும் அவன் மகனையும் விருந்துக்கு அழைத்தான். குடிக்க வைத்து, வண்டியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் வெட்டிப்போட்டான். அடுத்து பட்டத்துக்கு உரிய தம்பி, ஏழு வயதுப் பையன். அவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ‘வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடினான், விழுந்துவிட்டான்’ என்று பெற்றவளிடமே போய்ச் சொன்னான்.

இத்தனைக்கும் பிறகு அவன் நன்றாகத்தான் ஆண்டான், கிறிஸ்து பிறப்பதற்கு முன் 413 முதல் 399 வரை. அவனுக்கு முன் இருந்த எட்டு அரசர்கள் சேர்ந்து செய்ததைவிடப் படைக்கும் கோட்டைக்கும் சாலைக்கும் அவன் செய்தது அதிகம் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸே எழுதுகிறார். நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் கடைசிக் காலத்தில் அவன் அரண்மனையில்தான் இருந்தார். இவனைப் போய்ப் பாவப்பட்டவன் என்பீர்களா என்பதே போலஸின் கேள்வி.

இனி வாதம். 474சி: எது அதிகக் கேடு? ஆளாவது, என்கிறான் போலஸ். எது அதிக அசிங்கம்? இழைப்பது, என்கிறான். அந்த இரண்டாவது பதிலில்தான் சாக்ரடீஸ் கால் வைக்கிறார்.

474டி: ஒன்றை அழகு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உடல், நிறம், வடிவம், குரல், சட்டம், கல்வி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்று பயன் இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவருக்கு இன்பம் தர வேண்டும். ‘பார்ப்பவருக்கு’ என்ற சொல்லைக் கோடிட்டு வையுங்கள்.

475ஏ: அப்படியானால் அசிங்கம் என்பது இதற்கு மறுதலை, வலியாலோ கேட்டாலோ வருவது. நல்ல இலக்கணம் என்று போலஸ் பாராட்டவே செய்கிறான். ஆகவே ஒன்று மற்றொன்றைவிட அதிக அசிங்கம் என்றால் அது வலியில் மிஞ்ச வேண்டும், இல்லை கேட்டில் மிஞ்ச வேண்டும், இல்லை இரண்டிலும்.

475பி–சி: இழைப்பது அதிக அசிங்கம் என்று நீ ஒப்புக்கொண்டாய். இழைப்பவனுக்கா அதிகம் வலிக்கிறது, ஆளானவனுக்கா? ஆளானவனுக்குத்தான். அப்படியென்றால் வலியில் மிஞ்சவில்லை, இரண்டிலும் மிஞ்சவும் வழியில்லை. மிச்சம் இருப்பது கேடு. ஆகவே இழைப்பதே பெரிய கேடு.

ஓட்டை எங்கே என்று இப்போது கண்ணுக்கே தெரியும். 474டியில் அளவுகோல் ‘பார்ப்பவருக்கு’ இன்பம். 475சியில் வலியை அளக்கும்போது பார்ப்பவர் காணாமல் போய்விட்டார், ‘இழைப்பவனுக்கு வலிக்கிறதா’ என்று கேள்வி மாறிவிட்டது. 1967-இல் தத்துவ ஆய்வாளர் கிரெகரி விளாஸ்டோஸ் ஒரு கட்டுரையில் இதைத்தான் பிட்டு வைத்தார்.

சோதித்துப் பார்க்க அந்தக் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தண்ணீருக்குள் போவதைக் கேட்கும் நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அந்த வலிதான் அதை அசிங்கம் ஆக்குகிறது என்று போலஸ் சொல்லியிருந்தால் போதும். வலி என்கிற கிளையை வெட்ட முடியாது, ‘மிச்சம் இருப்பது கேடு’ என்ற முடிவும் வராது.

இரண்டாவது ஓட்டையும் உண்டு. கேடு என்றால் யாருக்கு? ‘ஆர்கெலாஸ் செய்தது மாசிடோனியாவுக்குக் கேடு, அதனால் அசிங்கம். ஆர்கெலாஸுக்கோ அது கொள்ளை லாபம்’ என்று போலஸ் சொல்லியிருக்கலாம். சாக்ரடீஸ் நிறுவ வேண்டியது இழைத்தவனுக்கே அது கேடு என்பதை. இந்த வாதம் அங்கே போய்ச் சேரவில்லை.

சுவடிக்கட்டு எழுதியது:

மேலே உள்ள பகுப்பு சரி. சொல்லைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த வாதம் முழுக்கவே ஒரு சொல்லின் முதுகில் ஏறிப் போகிறது. கிரேக்கத்தில் அது ‘ஐஸ்க்ரோன்’. கண்ணுக்கு அவலட்சணமாக இருப்பதும் ஐஸ்க்ரோன், மானக்கேடான செயலும் ஐஸ்க்ரோன். எதிர்ச்சொல் ‘கலோன்’, அழகும் அதுதான், மேன்மையும் அதுதான். தமிழில் ‘இழிவு’, ‘உயர்வு’ என்று மட்டும் போட்டுவிட்டால் உடல், நிறம், குரல் என்ற எடுத்துக்காட்டெல்லாம் எதற்கு வருகிறது என்றே விளங்காது.

கேள்வி கேட்டவர் ‘அசிங்கம்’ என்று போட்டது மிகப் பொருத்தம். சாக்கடைக்கும் அந்தச் சொல்தான், நாலு பேர் முன்னால் தலைகுனிந்ததற்கும் ‘அசிங்கமாப் போச்சு’தான். அதேபோல ‘இது உனக்கு அழகா?’ என்று கேட்கும்போது யாரும் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. கிரேக்கர்கள் பேசிய அதே வழக்கு நம் வாயிலும் இருப்பதால், போலஸ் ஏன் யோசிக்காமல் ஒப்புக்கொண்டான் என்பது தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று. வாதத்தில் ஓட்டை இருப்பதாலேயே சாக்ரடீஸ் ஏமாற்றினார் என்று முடிவுகட்ட வேண்டாம். 474பியில் அவர் சொல்வதைக் கவனியுங்கள்: நானும் நீயும் மற்ற எல்லோரும் உள்ளுக்குள் ‘இழைப்பதே பெரிய கேடு’ என்றுதான் நம்புகிறோம் என்கிறார். அவர் வேலை வானத்திலிருந்து ஒரு நிரூபணத்தைக் கொண்டுவருவதல்ல. எதிரில் இருப்பவனின் நம்பிக்கைகளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று மோதவிடுவது. ஆர்கெலாஸைப் பொறாமையோடு பார்க்கிற அதே போலஸ், ஆர்கெலாஸ் செய்தது அசிங்கம் என்றும் சொல்கிறான். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு எப்படி நிற்பது?

தப்பிக்க அவனுக்கு ஒரு நேர்வழி இருந்தது: இழைப்பதில் அசிங்கம் ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அவனால் முடியாது. சபையில் பேசி ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பது அவன் பிழைப்பு, சபை எதை அசிங்கம் என்கிறதோ அதை அவனும் அசிங்கம் என்றாக வேண்டும். போலஸுக்கு அடுத்து சாக்ரடீஸோடு வாதாட வரும் காலிக்ளீஸ் சரியாக இந்த இடத்தைத்தான் பிடிக்கிறான் (482டி–483ஏ): போலஸ் வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டான், அதனால் மாட்டினான், இயற்கையில் அநீதிக்கு ஆளாவதுதான் கேடு, அசிங்கம் இரண்டுமே, இழைப்பது அசிங்கம் என்பது பலவீனர்கள் கூடிப் போட்ட சட்டம். உரையாடலில் உண்மையான எதிராளி இவன்தான். இவனுக்குப் பதில் சொல்ல முடிந்தால்தான் சாக்ரடீஸின் வாக்கியம் நிற்கும்.

கடலோடி எழுதியது:

காலிக்ளீஸுக்குச் சாக்ரடீஸ் தரும் பதில் 503இயில் தொடங்குகிறது. பலரும் 475-ஐயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அஸ்திவாரம் இருப்பது இங்கே.

வீடு கட்டுகிறவர், கப்பல் கட்டுகிறவர், ஓவியர், வைத்தியர் யாராக இருந்தாலும் கையில் கிடைத்த பொருளைக் கிடைத்தபடி வைப்பதில்லை. ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி ஒழுங்கில் வைக்கிறார்கள். உடலில் அந்த ஒழுங்குக்குப் பெயர் ஆரோக்கியம். உயிரில் அந்த ஒழுங்குக்குப் பெயர் நீதியும் அடக்கமும் (504). ஒழுங்கு குலைந்த உடலுக்கு விருந்து வைத்து என்ன பயன் (505ஏ)? ஆர்கெலாஸுக்குக் கிடைத்தது அரியணை. அதில் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டிய ஆள் எந்த நிலையில் இருக்கிறான் என்பதுதான் கேள்வி. போலஸ் சொத்துக் கணக்கைப் பார்க்கிறான், சாக்ரடீஸ் சொத்தை வைத்திருப்பவனைப் பார்க்கிறார்.

இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு மாலுமி (511டி–512பி). ஏஜினா தீவிலிருந்து ஆளைப் பத்திரமாகக் கரைசேர்க்க இரண்டு ஓபோல் (சில்லறைக் காசு) வாங்குகிறான். எகிப்திலிருந்தோ கருங்கடல் கரையிலிருந்தோ என்றால் ஆள், பெண்டு பிள்ளை, சரக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு திராக்மா. ஆறு ஓபோல் ஒரு திராக்மா, ஆக மொத்தமே பன்னிரண்டு ஓபோல். இவ்வளவு பெரிய உதவிக்கு இவ்வளவு சின்னக் கூலி. வாங்கிக்கொண்டு இறங்கி, கப்பல் பக்கத்தில் கரையோரமாக அலட்டாமல் நடக்கிறான். ஏன்? கடலில் மூழ்காமல் காப்பாற்றியவர்களில் யாருக்கு நல்லது செய்தோம், யாருக்குக் கெடுதல் செய்தோம் என்று அவனுக்குத் தெரியாது. தீராத நோயோடு ஏறியவன் அதே நோயோடுதான் இறங்குகிறான். உடலே அப்படியென்றால் உயிரில் தீராத நோய் உள்ளவனைக் காப்பாற்றியது அவனுக்கு லாபமா?

இந்த வாதம் கேடு ‘யாருக்கு’ என்ற இரண்டாவது ஓட்டையை நேராக அடைக்கிறது. கேடு இழைத்தவனுக்கே, அவன் உயிரின் ஒழுங்குக்கே. ஆனால் விலை ஒன்று கொடுக்க வேண்டும்: உயிருக்கும் உடலைப் போல ஆரோக்கியம் என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவரை இது அசைக்காது. 508இ–509ஏயில் சாக்ரடீஸே, இந்த முடிவுகள் இரும்பாலும் வைரத்தாலும் கட்டியதுபோல் இறுகி நிற்கின்றன என்று சொல்லிவிட்டு, இது உண்மையில் எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதை மறுத்துப் பேசி நகைப்புக்கு இடமாகாமல் தப்பியவரை நான் பார்த்ததில்லை என்கிறார். அந்த அளவுக்குத்தான் உரிமை கொண்டாடுகிறார்.

இங்கே அடிக்கடி நடக்கிற ஒரு குழப்பம். போரில் செய்யக் கூடாததைச் செய்த சிப்பாய்கள் பிறகு நொறுங்கிப்போவதைப் பற்றி ‘அறக்காயம்’ என்று இப்போது நிறைய எழுதுகிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜொனாதன் ஷே 1994-இல் எழுதியதும், பிரெட் லிட்ஸ் குழுவினர் 2009-இல் எழுதியதும் இதில் முக்கியம். உடனே ‘பார்த்தீர்களா, சாக்ரடீஸ் சொன்னது நிரூபணமாகிவிட்டது’ என்கிறார்கள். இல்லை. குற்ற உணர்வு வலி. சாக்ரடீஸ் பேசுவது வலியைப் பற்றி அல்ல, கேட்டைப் பற்றி. இழைப்பவனுக்கு வலி குறைவு என்று அவரே 475சியில் ஒப்புக்கொண்டாயிற்று. தூக்கம் கெட்டு அழுகிற சிப்பாயைவிட, எதுவும் உறுத்தாமல் நிம்மதியாகத் தூங்குகிறவன் நிலைமை மோசம் என்பதுதான் அவர் கணக்கு. உணர்ச்சியற்றுப்போன கை வலிக்காது. அது ஆரோக்கியம் அல்ல.

கரிசல்வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘பார்ப்பவருக்கு’ என்ற சொல் நழுவுகிற இடம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. கூடவே இன்னொன்றும் உறுத்துகிறது: சாக்ரடீஸ் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு சின்னப் பொய் சொல்வதுகூடச் சித்திரவதைக்கு ஆளாவதைவிடப் பெரிய கேடு என்றாகிவிடாதா? எந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டும் என்றும் சொன்னால் நல்லது.

அரைவெளிச்சம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இந்த வாக்கியத்தைப் பாதிக்கப்பட்டவரிடம் போய் உபதேசமாகச் சொல்பவர் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்.

அது தன்மையில் சொன்ன வாக்கியம். ‘நான் தேர்வேன்’ என்கிறார், ‘நீ தேர்ந்துகொள்’ என்று சொல்லவில்லை. முதல் பாதியில் ‘இரண்டுமே வேண்டாம்’ என்று இருக்கிறது, அதை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவதில்தான் பாதித் தப்பு நடக்கிறது. கையில் அதிகாரம் இருப்பவனுக்கும், ஆணை வந்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உரிய வாக்கியம் இது. அடிவாங்கிக்கொண்டிருப்பவர் முன்னால் இரண்டு வழி விரிந்து கிடக்கவில்லை. அவரிடம் போய்த் தேர்வைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து 480இ. எதிரிக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்றால் அவனைத் தண்டனையிலிருந்து தப்பிக்க விடு என்று சாக்ரடீஸ் சொல்லும் விசித்திரமான இடம் அது. அதற்கு நடுவில் ஒரு நிபந்தனை போடுகிறார்: அந்த எதிரி உனக்கே அநீதி இழைக்கிறவனாக இருக்கக் கூடாது, அதிலிருந்து உன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். போகிற போக்கில் சொன்னாலும் சொல்லியிருக்கிறார். 509டியில் இதையே விரித்து, இழைக்காமல் இருக்க ஒரு பலம் வேண்டும், ஆளாகாமல் இருக்கவும் ஒரு பலம் வேண்டும் என்கிறார்.

வழக்குப் போடுவதும் அவர் கணக்கில் பொறுமையின்மை ஆகாது. 476 முதல் 479 வரை படித்தால் தெரியும்: வறுமைக்குப் பொருளீட்டும் கலை, நோய்க்கு மருத்துவம், அநீதிக்கு நீதிமன்றம். தண்டனை பெறுகிறவன் சூடுபோட்டு, அறுத்து வைத்தியம் செய்துகொள்கிறவன் மாதிரி. தண்டனை பெறாமல் போகிறவன்தான் எல்லோரிலும் பாவப்பட்டவன். அப்படியென்றால் புகார் கொடுக்கிற பெண் அநீதி இழைக்கவில்லை, இழைத்தவனை வைத்தியரிடம் அனுப்புகிறாள். பிளேட்டோவின் இன்னோர் உரையாடலான ‘கிரிட்டோ’வில் (49பி–டி) சாக்ரடீஸ் தடுப்பது அநீதிக்குப் பதில் அநீதி செய்வதை மட்டும்தான்.

ஆனாலும் சாக்ரடீஸுக்கு முழு மதிப்பெண் போட என்னால் முடியவில்லை. காரணம் லியோன். கிறிஸ்து பிறப்பதற்கு முன் 404–403-இல் ஏதென்ஸை முப்பது பேர் கொண்ட கும்பல் ஆண்டது. சாக்ரடீஸையும் வேறு நாலு பேரையும் தோலோஸ் என்ற வட்டக் கட்டடத்துக்குக் கூப்பிட்டு, சலாமிஸ் தீவில் இருந்த லியோனைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்கு. கூடியமட்டும் நிறையப் பேரைத் தங்கள் குற்றத்தில் பங்காளியாக்குவதுதான் உத்தி. நாலு பேர் சலாமிஸுக்குப் போய் லியோனைக் கொண்டுவந்தார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். அந்த ஆட்சி சீக்கிரம் கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே தன்னைக் கொன்றிருப்பார்கள் என்று வழக்கு மன்றத்தில் அவரே சொல்கிறார். தன் வாக்கியத்தைத் தன் உயிரை வைத்து வாழ்ந்து காட்டியவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். லியோனுக்கு ஆள் அனுப்பி எச்சரித்ததாக மன்றத்தில் அவர் பேசிய அந்தப் பகுதியில் ஒரு வரிகூட இல்லை. லியோன் செத்தான்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் 1960-களிலும் 70-களிலும் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் இதுதான். என் யாழ் சுருதி பிசகினாலும் பரவாயில்லை, ஊரே எனக்கு எதிராக நின்றாலும் பரவாயில்லை, ஒரே ஆளான நான் எனக்குள் பிசகக் கூடாது என்று சாக்ரடீஸ் சொல்வதை (482பி–சி) அவர் பிடித்துக்கொள்கிறார். கொலை செய்தால் ஆயுசுக்கும் ஒரு கொலைகாரனோடு குடித்தனம் செய்ய வேண்டும், அந்த ஆள் நானே. கொலைகாரனுக்குக்கூடக் கொலைகாரனோடு வாழப் பிடிக்காது. 475-இன் ஓட்டை வாதத்தைவிட இது எனக்கு உறுதியாகப் படுகிறது. ஆனால் இதைச் சொன்ன கையோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார்: நாம் எல்லோரும் சேர்ந்து வாழும் உலகத்தின் பக்கம் நின்று பார்த்தால், இழைத்தவன் நிலை மேலா, ஆளானவன் நிலை மேலா என்பது பேச்சே இல்லை. அநீதி நடந்துவிட்டது, அதைத் தடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் குற்றவியல் சட்டம் வழக்கைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே யாரிடம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். ஆணை வாங்கி நிற்கிறவனிடம் சாக்ரடீஸைச் சொல்லுங்கள். அடிபட்டவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லுங்கள், கூடப் போங்கள்.

சுவடிக்கட்டு எழுதியது:

சின்னப் பொய், சித்திரவதை பற்றி: இதை நேராகக் கையில் எடுத்தவர் அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கஸ் அறவியல் ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பகுதி, 1138ஏ (இது அரிஸ்டாட்டில் நூல்களுக்கான தனிப் பக்க எண்). இரண்டுமே கெட்டது, ஆனால் இழைப்பது அதிகக் கெட்டது, ஏனென்றால் அதில் குணக்கேடு கலந்திருக்கிறது என்று சாக்ரடீஸ் பக்கமே நிற்கிறார். பிறகு ஒரு விலக்கு வைக்கிறார்: தற்செயலாக ஆளாவது பெரிய கேடாக முடியலாம். நுரையீரல் உறைவீக்கம் கால் இடறுவதைவிடப் பெரிய நோய் என்றுதான் மருத்துவம் சொல்லும். ஆனால் போர்க்களத்தில் கால் இடறியவன் எதிரி கையில் சிக்கிச் சாகவும் கூடும். எது பெரிய நோய் என்பது வேறு, எதனால் ஒருவனுக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்பது வேறு. சாக்ரடீஸ் இந்தப் பிரிவினையைச் செய்யவில்லை, ‘அநீதி’ என்று மொத்தமாகவே பேசுகிறார். உங்கள் உறுத்தல் நியாயமானது.

சாக்ரடீஸ் ஒருவர்தான் இப்படிச் சொன்னார் என்றும் நினைக்க வேண்டாம். அநீதி இழைப்பவன் ஆளானவனைவிட நற்பேறற்றவன் என்று கிரேக்கத் தத்துவவாதி டெமாக்ரிட்டஸ் பெயரில் ஒரு துணுக்கு கிடைக்கிறது. லத்தீனில் சிசரோவும் ‘இழைப்பதைவிட ஏற்பதே மேல்’ என்று எழுதுகிறார்.

நம் பக்கம் ஒப்பிட வேண்டுமானால் பலரும் எடுக்கும் ‘முற்பகல் செய்யின் பிற்பகல்’ குறள் இதற்குச் சரிப்படாது. அது திரும்பி வரும் விளைவைச் சொல்கிறது, சாக்ரடீஸ் சொல்வது செய்த கணமே நடந்துமுடிந்துவிடும் கேடு. பொறையுடைமையில் வரும் 157-ஐ எடுங்கள்:

திறனல்ல தற்பிறர் செய்யினும் நோநொந்து
அறனல்ல செய்யாமை நன்று.

‘நோநொந்து’ என்பதற்கு, செய்தவர்க்கு அதனால் வரும் துன்பத்துக்காக நொந்து என்று உரை எழுதுகிறார் பரிமேலழகர். நாலடியார் 58-ஐயும் சேர்க்கிறார்: நம்மை இகழ்ந்த வினைப்பயனால் இவர் மறுமையில் நரகத்து எரியில் விழுவாரோ என்று பரிவதும் சான்றோர் கடன். 469ஏயில் சாக்ரடீஸ் சொல்வதும் அதே பரிவுதான், அநியாயமாகக் கொன்றவன் பாவப்பட்டவன், இரங்கத்தக்கவன் என்கிறார். வித்தியாசம் காரணத்தில் இருக்கிறது. உரைகாரர் இரங்கச் சொல்வது வரப்போகும் நரகத்துக்காக. சாக்ரடீஸிடமும் மறுமைத் தீர்ப்புக் கதை உண்டு, ஆனால் 523-க்கு அப்புறம், வாதமெல்லாம் முடிந்த பிறகு. அதை எடுத்துவிட்டாலும் 504-இன் ஒழுங்கு வாதம் அப்படியே நிற்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: நாலடியார் இதைச் சான்றோர்க்குக் கடனாக வைக்கிறது, எல்லோர் தலையிலும் கட்டவில்லை.

படிக்கும் வரிசை: 466 முதல் 481 வரை ஒரே மூச்சில். பிறகு காலிக்ளீஸின் பேச்சு, 482 முதல் 486. அங்கிருந்து நேராக 503–512. ‘கிரிட்டோ’ 49-ஐ இதோடு சேர்த்துப் படியுங்கள். இன்பத்தைப் பற்றிய நீண்ட பகுதியை, 487 முதல் 500 வரை, இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் 493–494 மட்டும் விதிவிலக்கு, அதை விட்டுவிட வேண்டாம். ஓட்டைக் குடத்தில் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருப்பவனையும், நிறைந்த குடத்தோடு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனையும் சாக்ரடீஸ் காட்டுகிறார். நிறைந்தவன் வாழ்வது கல்லின் வாழ்க்கை என்று காலிக்ளீஸ் பதில் சொல்கிறான். அவன் வெட்கப்படாமல் பேசுகிற இடம் அது.